திவால் வழக்கு தள்ளுபடி ஆனபின் வீடு ஏலத்துக்கு வருகிறதா? அமெரிக்காவில் வீடு வாங்கியவர்கள் கேட்கும் கேள்விகள்

அமெரிக்காவில் வீட்டுக்கடன் தவணை தவறி, ஏலத்தை நிறுத்த 'சாப்டர் 13' (நீதிமன்றம் ஏற்கும் ஒரு திட்டப்படி நிலுவையைத் தவணையில் கட்டும் முறை) திவால் மனு போட்டு, அந்த வழக்கும் தள்ளுபடி ஆகிவிட்ட குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். வேலை போனது, எச்1பி விசாவில் 60 நாள் கெடு, உடல்நலம், விவாகரத்து என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். நம்மவர்கள் இதை நெருங்கிய நண்பர்களிடம்கூடச் சொல்வதில்லை. வெட்கத்தில் கழியும் ஒவ்வொரு வாரமும் கையில் இருக்கும் ஒரு வழியை அடைத்துவிடுகிறது என்பதுதான் என் கவலை.

இவை பொதுவான தகவல்கள். மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் மாறும். தள்ளுபடி உத்தரவை ஒரு திவால் வக்கீலிடம் காட்டிவிட்டு முடிவெடுங்கள்.

வழக்கு தள்ளுபடி ஆனால் கடனும் போய்விடுமா?

போகாது. வழக்கு ஒழுங்காக முடிந்து கடன் நீங்குவது 'டிஸ்சார்ஜ்'. பாதியில் வழக்கையே மூடிவிடுவது 'டிஸ்மிஸ்'. இரண்டும் நீதிமன்றத் தபாலில் ஒரு பக்க உத்தரவாக வருவதால், கடன் தீர்ந்தது என்று நினைத்து நிம்மதியாக இருந்துவிடுபவர்கள் உண்டு.

மனு போட்ட நொடியில் தானாகக் கிடைத்த ஸ்டே, அதாவது ஏலத்தை நிறுத்திவைக்கும் தடை, டிஸ்மிஸ் ஆனதும் போய்விடும். வங்கி விட்ட இடத்திலிருந்து ஏல வேலையைத் தொடரலாம். வழக்கு நடந்த மாதங்களின் வட்டி, தாமதக் கட்டணம், வங்கியின் வக்கீல் செலவு எல்லாம் நிலுவையில் ஏறியிருக்கும். ஒரு நல்ல விஷயமும் உண்டு. வழக்கு நடக்கும்போது வீட்டை விற்க நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும், இப்போது வேண்டாம். இது ஏன் முக்கியம் என்று பின்னால் சொல்கிறேன்.

ஏலம் எவ்வளவு சீக்கிரம் வரும்?

நீங்கள் இருக்கும் மாநிலத்தைப் பொறுத்தது. நியூ ஜெர்சி, நியூயார்க், இல்லினாய், ஃப்ளோரிடா ஆகியவற்றில் வங்கி நீதிமன்றத்தில் வழக்குப் போட்டுத் தீர்ப்பு வாங்க வேண்டும்; அதற்கே மாதக்கணக்கில் ஆகும். ஆனால் தீர்ப்பு வந்த பிறகு நீங்கள் திவால் மனு போட்டிருந்தால் அந்த அவகாசம் ஏற்கெனவே கழிந்துவிட்டது. இனி மீதி இருப்பது ஏலம் மட்டுமே.

டெக்சஸ், கலிஃபோர்னியா, ஜார்ஜியா போன்ற மாநிலங்களில் பெரும்பாலும் நீதிமன்றம் போகாமலே ஏலம் விடலாம். டெக்சஸில் மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமைதான் ஏல நாள். குறைந்தது 21 நாள் முன்னதாக நோட்டீஸ் தர வேண்டும். ஃபிரிஸ்கோவிலோ இர்விங்கிலோ இருப்பவர், தள்ளுபடியான தேதியிலிருந்து அடுத்தடுத்து வரும் முதல் செவ்வாய்களைக் காலண்டரில் குறித்து வைத்துக்கொள்வது நல்லது. சில மாநிலங்களில், முன்பு தள்ளிவைத்த ஏலத்துக்குப் புதிய நோட்டீஸ் வராமலே, ஏலம் நடக்கும் இடத்தில் வாயால் அறிவித்த தேதியில் நடத்திவிட முடியும். தபால் வரவில்லை, அதனால் ஏலம் இல்லை என்று இருந்துவிடாதீர்கள்.

முதல் வாரத்தில் என்ன செய்ய வேண்டும்?

முதலில் தள்ளுபடி உத்தரவை வரிக்கு வரி படியுங்கள். எந்தக் காரணத்துக்காகத் தள்ளுபடி, மறுபடி மனு போடத் தடை ஏதும் விதித்திருக்கிறார்களா என்ற இரண்டும் அதில் இருக்கும். நம் ஆட்களில் பலர் வக்கீலிடம் கொடுத்தாயிற்று என்று உத்தரவைப் பிரித்துக்கூடப் பார்ப்பதில்லை. அதற்குப் பின் எடுக்கும் ஒவ்வொரு முடிவும் அந்தக் காகிதத்தில்தான் நிற்கிறது.

அப்புறம் கடனை வசூலிக்கும் நிறுவனத்திடம், அதாவது சர்வீசரிடம், மூன்று விஷயம் கேளுங்கள்: ஏலத் தேதி குறித்தாயிற்றா, நிலுவையை முழுதும் கட்டி லோனைப் பழைய நிலைக்குக் கொண்டுவர எவ்வளவு ஆகும், டிரஸ்டி (நீங்கள் கட்டும் பணத்தை வாங்கிக் கடன் கொடுத்தவர்களுக்குப் பிரித்துத் தரும் திவால் வழக்கு அதிகாரி) மூலம் போன பணம் எல்லாம் எந்தெந்தத் தேதியில் எதற்கு வரவு வைக்கப்பட்டது. மூன்றாவதை எழுத்தில் கேளுங்கள். சர்வீசர் குறிப்பிட்டுள்ள விசாரணை முகவரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினால், 5 வேலை நாளில் கிடைத்தது என்று சொல்லவும், பொதுவாக 30 வேலை நாளில் பதில் தரவும் அவர்கள் கடமைப்பட்டவர்கள். சாப்டர் 13 வழக்குகளில் வரவு வைப்பதில் தவறு நேர்வது அபூர்வம் இல்லை.

டிரஸ்டி அலுவலகத்துக்கும் ஒரு போன் போடுங்கள். திட்டத்தை நீதிபதி ஏற்பதற்கு முன்பே தள்ளுபடி ஆகியிருந்தால், நீங்கள் கட்டி டிரஸ்டியிடம் நிற்கும் பணத்தில் செலவு போக மீதி உங்களுக்குத் திரும்ப வர வேண்டும். சிலருக்கு அது கணிசமான தொகை.

தள்ளுபடி உத்தரவையே ரத்து செய்ய முடியுமா?

முடியலாம், சீக்கிரம் போனால். உத்தரவை மாற்றக் கோரும் மனுவுக்கும் மேல்முறையீட்டுக்கும் 14 நாள்தான் கெடு. அதைத் தாண்டினால், தவறுதல், நியாயமான கவனக்குறைவு போன்ற காரணங்களைக் காட்டி வேறு விதியின் கீழ் கேட்கலாம். ஆனால் நீதிபதி கடுமையாகப் பார்ப்பார்.

சம்பளச் சீட்டையோ வரிக் கணக்கையோ உரிய நேரத்தில் தராதது, ஒன்றிரண்டு தவணை தவறியது, டிரஸ்டி நடத்தும் விசாரணைக் கூட்டத்துக்குப் போகாதது போன்ற காரணங்களுக்காகத் தள்ளுபடி ஆனவர்களுக்கு இந்த வழி பொருந்தும். விட்டதைச் சரிசெய்துவிட்டுப் போங்கள்: காகிதம் விட்டுப்போயிருந்தால் காகிதத்தோடு, தவணை விட்டுப்போயிருந்தால் பணத்தோடு. அடுத்த மாதம் கட்டுகிறேன் என்ற வாக்குறுதிக்கு அங்கே மதிப்பு குறைவு. தள்ளுபடிக்கும் ரத்துக்கும் நடுவில் ஏலம் நடந்துவிட்டால், பெரும்பாலும் அந்த ஏலத்தைத் திருப்ப முடியாது.

மறுபடி மனு போட்டால் ஏலம் நிற்குமா?

எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். நிற்கலாம், ஆனால் முதல் தடவை கிடைத்த பலம் இருக்காது. 2005-இல் வந்த சட்டத் திருத்தம் இதை இறுக்கிவிட்டது.

கடந்த ஒரு வருடத்துக்குள் உங்கள் வழக்கு ஒன்று தள்ளுபடி ஆகியிருந்தால், புதிய மனுவில் ஸ்டே 30 நாள்தான். அதை நீட்டிக்க நீங்கள் மனு செய்து, அந்த 30 நாளுக்குள் விசாரணையும் முடிந்திருக்க வேண்டும். மனு கொடுத்தால் மட்டும் போதாது. அதனால் திவால் மனு போடும் அன்றே நீட்டிப்பு மனுவும் தயாராக இருப்பது நல்லது. ஒரு வருடத்துக்குள் இரண்டு வழக்கு தள்ளுபடி ஆகியிருந்தால் ஸ்டே தானாக வரவே வராது. நீதிபதியிடம் கேட்டு வாங்க வேண்டும்.

இதைத் தவிர 180 நாள் தடை ஒன்று இருக்கிறது. நீதிமன்ற உத்தரவை வேண்டுமென்றே மீறியதாக வழக்கு தள்ளுபடி ஆனால், 180 நாளைக்கு நீங்கள் மனு போடவே தகுதி இல்லை. ஸ்டேயை நீக்கக் கோரி வங்கி மனு போட்ட பிறகு, நீங்களாகவே வழக்கை வாபஸ் வாங்கினாலும் இதே தடைதான். இந்த இரண்டாவது பொறியில் நல்ல மனிதர்கள் விழுகிறார்கள். வங்கி மனு வந்ததும் பயந்து, வாபஸ் வாங்கிவிட்டுப் புதிதாகத் தொடங்கலாம் என்று நினைப்பார்கள்; புதிதாகத் தொடங்கும் கதவு அந்தக் கையெழுத்தோடு அரை வருடத்துக்கு மூடிவிடும்.

நீட்டிப்பு மனுவில் நீதிபதி பார்ப்பது ஒன்றை: போன தடவை முடியாதது இந்தத் தடவை எப்படி முடியும்? புதிய வேலையின் ஆஃபர் கடிதம், மனைவியின் சம்பளச் சீட்டு, முடிந்துபோன மருத்துவச் செலவு என்று கையில் பிடித்துக் காட்டக்கூடிய மாற்றம் வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மாதத் தவணை 2,800 டாலர், 11 மாத நிலுவை என்று வையுங்கள். நிலுவை 30,800. சாப்டர் 13-இல் அதிகபட்சம் 60 மாதத்தில் கட்டலாம். மாதம் சுமார் 513. வழக்கமான 2,800-ஐயும் சேர்த்தால் 3,313. டிரஸ்டியின் கமிஷன் 10 சதவீதம் வரை போகலாம். கார் லோன் நிலுவை, வரி பாக்கி இருந்தால் அதுவும் இதில் ஏறும். 2,800-ஐயே கட்ட முடியாமல் நின்ற வீட்டில் இப்போது 3,313-க்கும் மேல் எங்கிருந்து வரும்? இதற்கு உங்களிடம் உண்மையான பதில் இருந்தால் இரண்டாவது மனு அருமையான வழி. இல்லையென்றால் அது வக்கீல் பீஸும் இன்னொரு தள்ளுபடியும்தான்.

நான் போட முடியாது. மனைவி பெயரில் போடலாமா?

வீட்டுப் பத்திரத்தில் மனைவி பெயர் இருந்து, அவருக்கு வருமானமும் இருந்து, திட்டத்தை அவரால் கட்ட முடியும் என்றால் போடலாம். அவர் இதற்கு முன் மனு போடாதவராக இருந்தால் ஸ்டேயும் முழுதாகக் கிடைக்கும். ஏலத்துக்கு முந்தின நாள் ஆள் மாற்றி ஆள் மனு போடுவதற்காக என்றால் வேண்டாம். கடன் கொடுத்தவர்களை ஏமாற்றும் திட்டம் என்று நீதிபதி கண்டால், வீட்டின் பேரிலேயே உத்தரவு போடுவார். அதைக் கவுன்ட்டி (மாவட்ட) அலுவலகத்தில் பதிவு செய்துவிட்டால், அடுத்த 2 வருடத்துக்கு யார் மனு போட்டாலும் அந்த வீட்டுக்கு ஸ்டே வராது.

சாப்டர் 7 போட்டால்?

சாப்டர் 7 என்பது தவணைத் திட்டம் இல்லாமல் கடனை நீக்கும் திவால் வகை. கொஞ்ச நாள் அவகாசம் கிடைக்கும். நிலுவையைத் தவணையாகக் கட்டும் வசதி அதில் இல்லை. வீடு போகட்டும், கிரெடிட் கார்டு கடனும் வீட்டுக்கடனின் மிச்சமும் தொலைந்தால் போதும் என்பவர்களுக்கு அது சரியான வழி. வீட்டில் ஈக்விட்டி (வீட்டின் விலையில் கடன் போக மீதி) அதிகம் இருந்தால் டிரஸ்டியே வீட்டை விற்றுவிடலாம், கவனம்.

திவால் இல்லாமல் வங்கியோடு பேசித் தீர்க்க முடியுமா?

முடியும். தள்ளுபடிக்குப் பிறகு மிக அதிகமானவர்களுக்கு நான் முதலில் பார்க்கச் சொல்வது இதைத்தான். லோன் மாடிஃபிகேஷன் என்றால் வட்டியையோ காலத்தையோ மாற்றி, நிலுவையை அசலோடு சேர்த்துப் புதிய தவணை போடுவது. எஃப்எச்ஏ (அரசு காப்பீடு உள்ள) லோன் என்றால் நிலுவையைத் தனியாக எடுத்து, வட்டியில்லாத இரண்டாம் கடனாகக் கடைசியில் வைக்கும் முறையும் உண்டு.

இங்கே நினைவில் வைக்க வேண்டிய எண் 37. ஏலத் தேதிக்கு 37 நாளுக்கும் முன்னதாக, முழுமையான விண்ணப்பம் சர்வீசர் கைக்குப் போய்விட்டால், அதற்கு முடிவு சொல்லாமல் ஏலத்தை நடத்தக்கூடாது. 30 நாளில் பரிசீலித்துப் பதில் தர வேண்டும். 'முழுமையான' என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இரண்டு மாத வங்கி அறிக்கை கேட்டால், வெறுமையாக இருக்கும் பக்கம் உட்பட எல்லாப் பக்கமும் வேண்டும். '6 பக்கத்தில் 5' போனால், ஒரு காகிதம் குறைகிறது என்று கடிதம் வரும். அதற்குள் 37 நாள் கோடு தாண்டியிருக்கும். அனுப்பியதற்கு ஃபேக்ஸ் ரசீதோ, இணையத்தில் ஏற்றியதற்கு ஸ்கிரீன்ஷாட்டோ தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு விதிவிலக்கு உண்டு. திவாலுக்கு முன்பே இதே சர்வீசர் உங்கள் முழு விண்ணப்பத்தைப் பரிசீலித்து, அன்றிலிருந்து இன்றுவரை நீங்கள் நிலுவையிலேயே இருந்தால், இந்தப் பாதுகாப்பை இன்னொரு தடவை தர அவர்களுக்குக் கட்டாயம் இல்லை. சிறிய சர்வீசர்களுக்கும் இந்த விதிகளில் பல பொருந்தாது. ஆனாலும் கேட்பதில் நஷ்டமில்லை.

வீட்டுவசதித் துறையான 'ஹட்' அங்கீகரித்த ஆலோசகர்கள், வீடு பறிபோகும் நிலையில் இருப்பவர்களுக்கு இலவசமாகவே உதவுகிறார்கள். 800-569-4287 என்ற எண்ணில் உங்கள் ஊருக்கு அருகில் இருப்பவரைச் சொல்வார்கள். விண்ணப்பத்தை அவர்களோடு உட்கார்ந்து நிரப்புங்கள்.

நிலுவையை மொத்தமாகக் கட்டிவிட்டால்?

பெரும்பாலான மாநிலங்களில் ஏலத்துக்கு முன் ஒரு கட்டம்வரை அந்த உரிமை உண்டு. கலிஃபோர்னியாவில் நீதிமன்றம் போகாத ஏலத்துக்கு 5 வேலை நாள் முன்புவரை. பணம் எங்கிருந்து என்பதுதான் கேள்வி.

401கே ஓய்வுக்காலச் சேமிப்பை உடைப்பதை நான் தயக்கத்தோடுதான் சொல்வேன். திவால் ஆனாலும் கடன் கொடுத்தவர்கள் தொட முடியாத பணம் அது. அதைக் கொட்டி நிலுவையைத் தீர்த்துவிட்டு, நான்கு மாதத்தில் மறுபடி தவணை தவறினால் வீடும் இல்லை, ஓய்வுக்காலப் பணமும் இல்லை. வேலை கிடைத்துவிட்டது, இடைவெளியை மட்டும் அடைக்க வேண்டும் என்றால் யோசிக்கலாம்.

ஊரில் இருக்கும் நிலத்தை விற்பது அடுத்த யோசனை. விற்ற பணத்தை, வெளிநாட்டில் வாழ்பவர் இந்தியாவில் வைத்திருக்கும் என்ஆர்ஓ கணக்கிலிருந்து நிதியாண்டுக்கு 10 லட்சம் டாலர் வரை வெளியே எடுக்கலாம். ஆனால் பவர் கொடுத்து, வாங்குபவர் டிடிஎஸ் பிடித்து, ஆடிட்டர் சான்றிதழ் வாங்கி, வங்கி அனுப்புவதற்குள் உங்கள் ஏலத் தேதி கடந்துவிடும். பாட்டன் சொத்து கூட்டுப்பட்டாவில் இருந்தால் பங்காளிகள் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். அதற்கு எவ்வளவு நாள் ஆகும் என்று உங்களுக்கே தெரியும். பெற்றோர் தங்கள் சேமிப்பிலிருந்து அனுப்புவதாக இருந்தால், ஒருவர் நிதியாண்டுக்கு இரண்டரை லட்சம் டாலர் வரை அனுப்பலாம். வெளிநாட்டில் இருப்பவரிடமிருந்து ஒரு வருடத்தில் ஒரு லட்சம் டாலருக்கு மேல் அன்பளிப்பாக வந்தால், இங்கே வரித்துறைக்கு 3520ஆம் எண் படிவம் கொடுக்க வேண்டும்.

இரண்டாவது மனுவில் ஊர்ச் சொத்தைக் காட்ட வேண்டுமா? போன தடவை காட்டவில்லையே?

கட்டாயம் காட்ட வேண்டும். சொத்து உலகத்தில் எங்கே இருந்தாலும், யார் கையில் இருந்தாலும் திவால் சட்டத்துக்குள் வரும். அப்பா உங்கள் பெயரில் எழுதிய மனை, பாகப்பிரிவினை ஆகாத பங்கு, என்ஆர்இ டெபாசிட், அம்மா லாக்கரில் இருக்கும் உங்கள் நகை, நீங்கள் கட்டிவரும் சீட்டு எல்லாம் பட்டியலில் ஏற வேண்டும். 'அது குடும்பச் சொத்து, என்னுடையது இல்லை' என்று நீங்களே தீர்மானித்து விட்டுவிடாதீர்கள். வக்கீலிடம் சொல்லி, எப்படி எழுதுவது என்று அவர் முடிவு செய்யட்டும். உறுதிமொழி கொடுத்துவிட்டுத் தெரிந்தே மறைப்பது 5 வருடம் வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம்.

முதல் மனுவில் விட்டுப்போயிருந்தால், புதிய மனு போடும் முன்பே வக்கீலிடம் அதைச் சொல்லுங்கள். இரண்டு மனுவையும் அருகருகே வைத்து ஒப்பிடுவது டிரஸ்டி அலுவலகத்தில் சாதாரண வேலை.

வீட்டை விற்றுவிடலாமா?

ஈக்விட்டி இருந்தால், என் அழுத்தமான கருத்து: ஏலத்துக்கு விடாமல் நீங்களே விற்றுவிடுங்கள். ஏலத்தில் சந்தை விலை கிடைப்பது அரிது. செலவெல்லாம் உங்கள் பங்கிலிருந்துதான் போகும். முன்பு சொன்னதுபோல, வழக்கு தள்ளுபடி ஆனதால் இப்போது நீதிமன்ற அனுமதி இல்லாமலே விற்கலாம். குழந்தையின் பள்ளி, சுற்றியிருக்கும் நண்பர்கள், கிரகப்பிரவேசம் செய்து குடியேறிய வீடு என்று மனசு கேட்காதுதான். கையில் பணத்தோடு வாடகை வீட்டுக்குப் போவதும், வெறும் கையோடு போவதும் ஒன்றல்ல.

வாங்க ஆள் கிடைத்து, பத்திரம் முடிய நாள் வேண்டுமென்றால், விற்பனை ஒப்பந்தத்தைக் காட்டி ஏலத்தைத் தள்ளிவைக்கச் சர்வீசரிடம் எழுத்தில் கேளுங்கள். நியூ ஜெர்சியில் ஷெரிஃப் ஏலத்தை வீட்டுக்காரரே இரண்டு தடவை, தடவைக்கு 30 நாள் வரை தள்ளிவைக்கக் கேட்கலாம். எடிசனிலும் பிஸ்கட்டவேயிலும் இருப்பவர்களில் பலருக்கு இது தெரிவதில்லை.

கடன் வீட்டின் விலையைவிட அதிகமாக இருக்கிறதே?

அப்படியானால் வங்கி சம்மதத்தோடு குறைந்த விலைக்கு விற்கும் 'ஷார்ட் சேல்', அல்லது பத்திரத்தை வங்கியிடமே ஒப்படைப்பது. இரண்டிலும், மீதித் தொகைக்கு உங்களைத் துரத்தமாட்டோம் என்று எழுதி வாங்குங்கள். சில மாநிலங்களில் அது இல்லாவிட்டால் வங்கி உங்கள் மேல் வழக்குப் போடலாம். வங்கி விட்டுக்கொடுத்த கடனை வரித்துறை வருமானமாகப் பார்க்கும். 1099-சி படிவம் வரும். அப்போது உங்கள் கடன்கள் சொத்தைவிட அதிகமாக இருந்தால், 982ஆம் எண் படிவத்தில் அதைக் காட்டி அந்த அளவுக்கு விலக்குப் பெறலாம்.

கிரீன் கார்டு பாதிக்குமா?

திவால் மனு போட்டதோ அது தள்ளுபடி ஆனதோ நாட்டை விட்டு அனுப்பக் காரணம் ஆகாது. மனுப் போடக் குடியுரிமையும் தேவையில்லை. பொய்க் கணக்குக் கொடுத்து மாட்டினால் அது வேறு கதை.

'ஏலத்தை நிறுத்தித் தருகிறோம்' என்று தினமும் போன் வருகிறது. நம்பலாமா?

ஏல நோட்டீஸ் பொது ஆவணம். உங்கள் பெயர் அதில் வந்த நாளிலிருந்து இவர்கள் வருவார்கள், சிலசமயம் தமிழிலேயே பேசிக்கொண்டு. வங்கியிடமிருந்து எழுத்தில் ஒரு சலுகை வந்து, அதை நீங்கள் ஏற்கும் முன்பு, மாடிஃபிகேஷன் வாங்கித் தருவதாகச் சொல்லும் நிறுவனம் காசு வாங்கக்கூடாது என்பது மத்திய அரசு விதி. வக்கீல்களுக்கு மட்டும் சில நிபந்தனைகளோடு விலக்கு உண்டு. முன்பணம் கேட்டாலே போனை வைத்துவிடலாம். 'பத்திரத்தைத் தற்காலிகமாக எங்கள் பெயருக்கு மாற்றுங்கள், வாடகை மாதிரி கட்டிவாருங்கள்' என்பவர் வீட்டையே கேட்கிறார். 'வீட்டில் 5 சதவீதப் பங்கை இவருக்கு எழுதிக்கொடுங்கள்' என்றால், முன்பின் தெரியாத ஒருவர் பெயரில் திவால் மனு போட்டு உங்கள் ஏலத்தை நிறுத்தப் போகிறார்கள் என்று அர்த்தம். அந்த மோசடியில் உங்கள் கையெழுத்தும் இருக்கும்.

ஏலம் நடந்து முடிந்துவிட்டது. இனி ஒன்றுமே இல்லையா?

சில மாநிலங்களில் ஏலத்துக்குப் பிறகும் முழுப் பணத்தைக் கட்டி மீட்கலாம்: மிச்சிகனில் பெரும்பாலும் 6 மாதம், நியூ ஜெர்சியில் 10 நாள். இல்லினாயில் மீட்கும் காலம் பெரும்பாலும் ஏலத்துக்கு முன்பே முடிந்துவிடும். டெக்சஸில் வீட்டுக்கடன் ஏலத்துக்கு இந்த உரிமை கிடையாது. பூட்டை மாற்றி உங்களைத் தெருவில் நிறுத்த வாங்கியவருக்கு உரிமை இல்லை. நீதிமன்றம் மூலம்தான் காலி செய்ய வைக்க முடியும். நீங்களாகக் காலி செய்தால் பணம் தருவதாகச் சொன்னால் பேரம் பேசுங்கள்.

பலரும் கேட்காமல் விடுவது ஒன்று. ஏல விலை உங்கள் கடனையும் வீட்டின் மேலுள்ள மற்றக் கடன்களையும் தாண்டியிருந்தால் அந்த மிச்சம் உங்களுடையது. ஏலம் நடத்திய டிரஸ்டியிடமோ நீதிமன்றத்திலோ கவுன்ட்டியிலோ அது இருக்கும். கோரிக்கை மனு கொடுத்து வாங்க வேண்டும், அதற்குக் கெடுவும் உண்டு. மூன்றில் ஒரு பங்கு கொடுத்தால் வாங்கித் தருகிறோம் என்று ஆட்கள் வருவார்கள். சிக்கல் இல்லாத கோரிக்கை என்றால் நீங்களே கொடுக்கலாம். மிச்சப் பணம் பற்றிய கடிதம் பழைய வீட்டு முகவரிக்குத்தான் வரும். சாமான் ஏற்றும் நாளிலேயே தபால் அலுவலகத்தில் முகவரி மாற்றத்தையும் கொடுத்துவிடுங்கள்.